ஸ்கார்லெட்டும் சகலாத்தும்



1887ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த துப்பறியும் கதை ஒன்றை உங்களுட் சிலர் படித்திருக்கலாம். ஆர்தர் கானன் டாயில் எழுதியது. ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளன் உலகிற்கு அறிமுகமானது அக்கதையில்தான். இலண்டன் நகரில், குடியில்லாத வீடொன்றில், ஒருவன் இறந்து கிடக்கிறான். தரையிற் சிந்தியிருந்த சாம்பலைத் திரட்டிப் பார்த்த ஹோம்ஸ், கொலை செய்தவன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று முடிவு கட்டுகிறான். நம் உறையூரிற் சுருட்டப்பெற்று, கப்பலேறிச் சென்ற சுருட்டின் சாம்பல் இலண்டனில் ஒரு கொலையாளியைக் காட்டிக்கொடுத்தது என்றால், திருச்சிராப்பள்ளியார் சற்றே பெருமைப்படலாம், அல்லது நாணலாம். இரண்டிற்கும் இடமுண்டு.

ஆயினும் சுருட்டைப் பற்றி அன்று, அக்கதையின் பெயரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 'ஏ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' என்பது அப்பெயர். நிறமற்ற நூற்சிட்டம் போன்ற வாழ்க்கையினூடே கொலை என்னும் ஸ்கார்லெட் இழை ஓடுகிறது. அதைப் பிரித்தெடுத்துக் காட்டுவதே தன் தொழில் என்று ஹோம்ஸ் கருதுகிறான். இங்கே 'ஸ்கார்லெட்' என்பதற்குத் தமிழ் என்ன?

இதை வகுப்பிற் கேட்டால் 'சிவப்பு' என்று உடனே விடை வரும். சற்று முயல்பவர் 'கருஞ்சிவப்பு' என்பர். முதல் விடை போதாது. இரண்டாம் விடை பொருந்தாது. கருமை கலந்த சிவப்பையோ நீலச் சாயல் படர்ந்த சிவப்பையோ ஆங்கிலேயர் 'கிரிம்ஸன்' என்பர். மாதுளை முத்தும் அரக்கும் அவ்வகையின. ஸ்கார்லெட் அதற்கு எதிர்த் திசையில் நிற்பது; மஞ்சளின் சாயலை உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு, கண்ணைப் பறிக்கும்படி ஒளிர்வது. குன்றிமணியின் கருங்கண்ணை நீக்கிவிட்டு எஞ்சியதைப் பாருங்கள், அது ஸ்கார்லெட். முள்முருக்கின் பூ, முதல் மழைக்குப் பின் செம்மண் தரையில் ஊர்ந்து வரும் இந்திரகோபப் பூச்சி, இவையும் அந்நிறத்தன. ஸ்ரீரங்கத்து வீதிகளில் திருமண்ணின் நடுவே இடப்பெறும் ஸ்ரீசூர்ணத்தின் செம்மையையும் எண்ணிப் பாருங்கள். மஞ்சளோடு காரப்பொருள் சேரும்போது பிறக்கும் செம்மை அது. பிறப்பிலேயே மஞ்சளின் உறவுடையது.

நம்மவர்க்கு இத்தகைய வேறுபாடுகள் தெரியாதவை அல்ல. உறையூர் நெசவாளரிடம் சென்று 'சிவப்புப் புடவை' என்று மட்டும் கேட்டால் அவர் சிரிப்பார். அரக்கா, குங்குமமா, மிளகாய்ப்பழமா என்று திருப்பிக் கேட்பார். நிறத்தைப் பொருளின் பெயரால் வழங்குவது நம் வழக்கம். ஆங்கிலத்தின் ஸ்கார்லெட்டும் அவ்வாறு ஒரு பொருளின் பெயரே என்பது பலரும் அறியாத செய்தி. அப்பொருள் பூவன்று, பழமன்று, மண்ணுமன்று. அது ஒரு துணி.

இடைக்கால ஐரோப்பாவில் ஸ்கார்லெட் என்றால் மிக உயர்ந்த கம்பளித் துணி என்று பொருள். நல்ல ஆட்டு மயிரை நூற்று நெய்து, நீரில் அடித்து இறுக்கி, மேலெழும் மயிரைக் கத்தரித்து, மீண்டும் மீண்டும் மெருகேற்றி எடுத்த துணி அது. பச்சை ஸ்கார்லெட்டும் நீல ஸ்கார்லெட்டும் வெள்ளை ஸ்கார்லெட்டும் கூட அக்காலத்து வணிகர் கணக்கில் உண்டு. 1400ஆம் ஆண்டில் மறைந்த ஆங்கிலப் பெருங்கவி சாசர், தம் கதைமாந்தருள் ஒருத்தி அணிந்த காலுறையைப் பற்றிக் கூறும்போது, அது நேர்த்தியான ஸ்கார்லெட் என்று சொல்லியதோடு அமையாமல், சிவப்பு என்றும் சேர்த்துச் சொல்கிறார். சொல்லிலேயே நிறம் முழுமையாக அடங்கியிருந்தால் அவர் அவ்வாறு கூறவேண்டிய தேவை இராது.

ஆனால் விலையுயர்ந்த துணிக்கு விலையுயர்ந்த சாயமே ஏற்றுவர் அல்லரோ? அக்காலத்தில் விலைமிக்க சாயம் சிவப்பே. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் ஒருவகை ஓக் மரத்தில் ஒட்டி வாழும் கெர்மிஸ் என்னும் சிறு பூச்சியிலிருந்து அதனை எடுத்தனர். நாளடைவில் ஸ்கார்லெட் துணி என்றாலே சிவப்புத் துணி என்றாயிற்று. பின்னர்த் துணி மறைந்து நிறம் மட்டும் நின்றது.

இந்தச் சொல்லுக்கு மூலம் எது? இதில் அறிஞர் ஒருமித்த கருத்தினர் அல்லர். மயிர் கத்தரித்த துணி என்று பொருள்படும் வடஐரோப்பியச் சொல்லே மூலம் என்பர் ஒரு சாரார். பாரசீக, அரபு நாடுகளில் 'ஸகல்லாத்', 'ஸகிர்லாத்' என்றெல்லாம் வழங்கிய ஆடைப் பெயரே மேற்கே சென்று ஸ்கார்லெட் ஆயிற்று என்பர் மற்றொரு சாரார். என் உள்ளம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது; அதற்குக் காரணம், அந்தப் பாரசீகச் சொல் கிழக்கு நோக்கியும் பயணம் செய்து நம்மிடமே வந்து சேர்ந்திருப்பதுதான். தமிழில் அதற்குச் 'சகலாத்து' என்று பெயர்.

சகலாத்து என்னும் சொல்லை இக்கால மாணவர் கேட்டிருக்க மாட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன் அதனைப் பாரசீகத்திலிருந்து வந்த சொல்லாகவும், கம்பளித் துணியைக் குறிப்பதாகவும் காட்டுகிறது. புதுச்சேரியில் துய்ப்ளேக்சுத் துரையிடம் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், இன்னாருக்குச் சகலாத்து வெகுமதி கொடுத்தார்கள் என்னும் செய்தியை நீங்கள் காணலாம். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்த பர்னெல் என்னும் ஆங்கிலேயர், யூல் என்பவரோடு சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி 1886இல் அச்சேறியது. அதில் நம் சுருட்டும் 'செரூட்' என்ற வடிவில் இடம் பெற்றிருக்கிறது. சகலாத்தும் 'சுக்லாத்' என்ற வடிவில் இடம் பெற்றிருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டிற்றான் ஹோம்ஸின் கதை வெளிவந்தது.

ஆக, ஒரு துணியின் பெயர் மேற்கே சென்று நிறமாயிற்று. கிழக்கே வந்து துணியாகவே நின்றது. அவர்கள் சாயத்தை வைத்துக்கொண்டார்கள். நாம் நூலை வைத்துக்கொண்டோம்.

விலைமிக்க துணி யாரிடம் சேரும்? பெரியோரிடம். ரோமாபுரிச் சமயத் தலைவர்களாகிய கர்தினால்மார் 1245ஆம் ஆண்டிலேயே செந்நிறத் தொப்பி பெற்றனர். இங்கிலாந்தின் உயர்நீதிபதிகளும் பல்கலைக்கழகப் பேரறிஞரும் ஸ்கார்லெட் அங்கி பூண்டனர். அதே சமயத்தில், விவிலியத்தின் இறுதி நூலில் பாவத்தின் உருவாக வரும் பெண்ணும் ஸ்கார்லெட் ஆடையே உடுத்தியிருக்கிறாள். அதனால் ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இருமுகம் உண்டாயிற்று. தீர்ப்புக் கூறுபவனுக்கும் அந்நிறம். தீர்ப்புக்கு ஆளாகிறவளுக்கும் அந்நிறம். 1850இல் அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்ன் எழுதிய நாவலில், நெறி தவறியவள் என்று ஊரார் ஒதுக்கிய பெண்ணொருத்தி தன் மார்பில் அணியவேண்டிய எழுத்து ஸ்கார்லெட் நிறத்தது. கற்பனைக் கதைதான், ஆயினும் அந்நிறத்தின் இருமுகத்தையும் ஒரே துண்டுத் துணியில் தைத்துக் காட்டிய நூல் அதுவே என்பேன்.

விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஸ்கார்லெட் பெரும்பாலும் 'சிவப்பு' என்றே வருகிறது. அதனோடு சேர்ந்து வரும் ஊதாச் செம்மைக்கு 'இரத்தாம்பரம்' என்றொரு சொல்லை ஆண்டிருக்கிறார்கள். இரத்தம் செம்மை, அம்பரம் ஆடை. அங்கும் நிறத்தைச் சொல்ல ஆடையே துணைக்கு வந்தது என்பதைக் கவனிக்கலாம்.

இனிப் பூச்சிக்கு வருவோம். கெர்மிஸ் என்ற பெயர், புழுவைக் குறிக்கும் 'கிருமி' என்னும் வடசொல்லோடு உறவுடையது. பாரசீகத்தில் 'கிர்ம்', அரபியில் 'கிர்மிஸ்', ஐரோப்பாவில் 'கிரிம்ஸன்' என்று அச்சொல் நடந்து சென்றது. நாம் காய்ச்சலுக்குக் காரணம் என்று அஞ்சும் கிருமிக்கும், ஆங்கிலக் கவிஞர் அந்திவானத்திற் காணும் கிரிம்ஸனுக்கும் பாட்டி ஒருத்தியே! பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் மெக்சிகோவைக் கைப்பற்றியபோது, கெர்மிஸினும் மிகுந்த சாயம் தரும் வேறொரு பூச்சியை அங்கே கண்டனர். சப்பாத்திக்கள்ளியின் மேல் வளரும் அதற்குக் 'கொச்சினீல்' என்று பெயர். உலர்ந்த பூச்சி ஒரு பவுண்டு எடை நிற்க ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குச் சென்ற பொருள்களில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்கே. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலண்டனில் வாழ்ந்த டிரெபெல் என்னும் டச்சு அறிஞர், வெள்ளீயத்தை அமிலத்திற் கரைத்துச் சேர்த்தால் கொச்சினீலின் மங்கிய செம்மை தீப்போல் எரிகிறது என்று கண்டறிந்தார். நாம் இன்று ஸ்கார்லெட் என்று கருதும் பளிச்சென்ற நிறம் அன்றுதான் கம்பளியில் ஏறியது எனலாம்.

அந்தக் கம்பளியை விற்கத்தான் கிழக்கிந்தியக் கம்பெனியார் நம் கரைக்கும் வந்தனர். யாரிடம் விற்பது? கி.பி. முதல் நூற்றாண்டிலேயே 'அர்கரு' என்று பெரிப்ளஸ் என்னும் கிரேக்க நூல் குறித்த உறையூரின் மெல்லிய பருத்தி ஆடை கடல் கடந்து சென்றிருக்கிறது. அத்தகைய நாட்டில், காவிரிக்கரை வெயிலில், கம்பளி உடுப்பார் யார்? சிவப்புச் சாயத்திற்கும் நமக்குப் பஞ்சமில்லை. இம்பூறல் என்னும் சாயவேரும் படிகாரமும் கொண்டு பருத்தியில் நீங்காத சிவப்பேற்ற நம் சாயக்காரர் அறிந்திருந்தனர். கொச்சினீல் கம்பளியையும் பட்டையும் பற்றுவதுபோல் பருத்தியைப் பற்றுவதில்லை. எனவே இங்கிலாந்தின் சகலாத்து கடைத்தெருவில் தேங்கியது. பல்லக்கின் உட்புறத்திற்கும் யானையின் முதுகிற்கும் நவாபுகளுக்கு அளிக்கும் வெகுமதிக்குமே அது பயன்பட்டது. விலைபோகாத சரக்கு வெகுமதியாயிற்று என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். கணக்கேடுகள் அப்படித்தான் சொல்கின்றன.

துணியாக வந்து விலைபோகாத ஸ்கார்லெட், போர்வீரன் மேலேறி வந்தபோது கதை வேறாயிற்று. 1645இல் கிராம்வெல் காலத்து ஆங்கிலப் படை செவ்வங்கி பூண்டது. நூறாண்டு கழித்து அச்செவ்வங்கி திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் நின்றது. ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்ட காலம் அது. 1751இல் முகம்மது அலி நம் கோட்டைக்குள் இருந்தார். அவருக்கு ஆங்கிலேயர் துணை. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் வெளியே முற்றுகையிட்டனர். 1752 ஏப்பிரலில் பிரெஞ்சுத் தளபதி லா தம் படையோடு ஸ்ரீரங்கத் தீவிற்குட் பின்வாங்கினார். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே, அரங்கன் பள்ளிகொண்ட ஏழு மதில்களுக்குள்ளே, பீரங்கியும் குதிரையும் வெடிமருந்தும் புகுந்தன. ஜூன் மாதம் லா சரணடைந்தார். தஞ்சைப் படைத்தலைவரிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. அடுத்த ஆண்டே போர் மீண்டும் மூண்டு, பொன்மலைக் குன்றைச் சுற்றிப் பிணங்கள் விழுந்தன. இரு புறத்தும் மாண்டவருள் மிகப் பலர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுடைய பெயர்களை எழுதி வைத்தவர் எவரும் இல்லர். மலைக்கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருவதுண்டு.

அங்கியின் நிறத்தைப் பற்றி ஒரு கதை பலரும் சொல்வர்: இரத்தம் தெரியாதிருக்கவே ஆங்கிலச் சிப்பாய் சிவப்பு உடுத்தினான் என்பது அது. இதனை நம்பவேண்டாம். சிவப்புத் துணியில் இரத்தம் உலர்ந்தால் கறுத்து நன்றாகவே தெரியும். கருமருந்தின் புகை மண்டிய போர்க்களத்தில் தன் ஆளை இன்னான் என்று கண்டுகொள்ளப் பளிச்சிடும் நிறம் வேண்டியிருந்தது. மஞ்சிட்டிச் சாயம் மலிவாகவும் கிடைத்தது. ஆம், சாதாரணச் சிப்பாயின் அங்கிக்கு ஏறியது மலிவான மஞ்சிட்டி வேர்ச் சாயமே. கொச்சினீலின் உண்மையான ஸ்கார்லெட் அதிகாரிகளுக்கு மட்டும் உரியது. ஒரே படையில், ஒரே சிவப்பில், சம்பளத்தின் ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிந்தது. பின்னர்ச் சென்னைப் படையின் நம் சிப்பாய்களும் செவ்வங்கி பெற்றனர்.

இருட்டில் நிறம் என்ன செய்யும்? 1752 ஏப்பிரலில், கொள்ளிடத்திற்கு வடக்கே சமயபுரத்தை அடுத்துக் கிளைவ் பாசறை அமைத்திருந்தார். நள்ளிரவில் பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்று அங்கே வந்தது. அதில் ஆங்கிலப் படையைவிட்டு ஓடிப்போய்ப் பிரெஞ்சுக்காரரிடம் சேர்ந்திருந்த நாற்பது ஆங்கிலேயரும் இருந்தனர். காவல் நின்ற சிப்பாய்கள் தடுத்தபோது, லாரன்ஸ் துரை அனுப்பிய துணைப்படை என்று அவர்கள் ஆங்கிலத்திலேயே விடை கூறினர். காவலர் நம்பி வழிவிட்டனர். பாசறைக்கு நடுவே துப்பாக்கி வெடித்த பின்னரே உண்மை தெரிந்தது. கிளைவ் உயிர் தப்பியது அரிது. பகலில் அங்கியை நம்பியவர்கள் இரவில் மொழியை நம்பினார்கள். இரண்டும் கழற்றி மாட்டக்கூடியவை என்பது அப்போது அவர்களுக்குத் தோன்றவில்லை.

மெக்சிகோவின் பூச்சிக்குப் பொன்னைக் கொட்டுவானேன், இந்தியாவிலேயே அதனை வளர்த்தால் என்ன என்று கம்பெனியார்க்கு ஓர் ஆசை உண்டாயிற்று. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786 முதல் இதில் முனைந்து, சைதாப்பேட்டையிற் கள்ளித்தோட்டமே அமைத்தார். 1795இல் நீல்சன் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சி கொண்டுவந்து கல்கத்தாவிற் சேர்த்தார். ஆனால் வந்தது வேறினம். அதன் சாயம் மட்டமானது. அது திறமையாகச் செய்த வேலை ஒன்றே: ஏறிய கள்ளியை அழித்தது! சாயத் தொழிலுக்கு உதவாத இப்பூச்சியைப் பின்னர் 1836 முதல் 1838 வரை தென்னாட்டிற்குக் கொண்டுவந்து, புதராய் மண்டிய சப்பாத்திக்கள்ளியின் மேல் விட்டனர். பூச்சியைக் கொண்டு களையை ஒழித்த முயற்சிகளில் உலகிலேயே முதன்மையானதாக இதனை அறிவியலார் கூறுவர். அதற்குத் தப்பிய வேறொரு கள்ளியினம் நம் பக்கத்து வறண்ட நிலங்களில் மீண்டும் பெருகியது. அதற்கேற்ற மற்றொரு கொச்சினீல் இனம் 1926இல் இலங்கையிலிருந்து வந்து அதனையும் அடக்கியது. வேலியோரத்துக் கள்ளியில் வெண்பஞ்சு போல் ஒட்டியிருப்பதை விரலால் நசுக்கிப் பாருங்கள். செக்கச்சிவந்த சாறு வரும். கம்பெனியாரின் ஆசையில் எஞ்சியது அவ்வளவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரித்தாரிலிருந்து செயற்கைச் சாயங்கள் பிறந்தபின் கொச்சினீல் வீழ்ந்தது; இன்று அது தின்பண்டங்களுக்கும் உதட்டுச்சாயத்திற்கும் நிறமூட்டி வாழ்கிறது. செவ்வங்கியையும் காலம் விட்டுவைக்கவில்லை. நெடுந்தொலைவு சுடும் துப்பாக்கி வந்தபின், கண்ணைப் பறிக்கும் நிறம் குண்டை அழைக்கும் நிறமாயிற்று. 1846இல் பெஷாவரில் லம்ஸ்டன் திரட்டிய வழிகாட்டிப் படை புழுதி நிற உடை பூண்டது. 'காக்' என்றால் பாரசீகத்தில் மண், புழுதி. அதன் நிறம் காக்கி. 1885 டிசம்பரில் சூடான் நாட்டுக் கின்னிஸ் போரே பிரிட்டிஷ் காலாட்படை செவ்வங்கியோடு பொருத கடைசிப் போர் என்பர். இன்று இலண்டன் அரண்மனைக் காவலர் விழாக்கோலத்தில் மட்டுமே அதனை அணிகின்றனர்.

சகலாத்தும் காக்கியும் பாரசீகம் தந்த சொற்களே. முன்னது லெக்ஸிகனுக்குள் ஒதுங்கிவிட்டது. பின்னதைத் திருச்சிராப்பள்ளிச் சந்திப்பு வாயிலில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர் இன்றும் உடுத்தியிருக்கிறார். அது தமிழன்று என்று அவரிடம் சொன்னால் நம்பமாட்டார்.